கெண்டோ சேர்ந்திருக்கிறேன், வார நாட்களில் வீட்டில் என்ன பயிற்சி செய்வது?

காவேரிப்பட்டணத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 33. வீடு காவேரிப்பட்டணம், வேலை கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி நெருங்கினால் அதுவும் கிடையாது. எடை 84 கிலோ. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியதோடு விளையாட்டு நின்றுபோனது.

சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரு போய் கெண்டோ என்கிற ஜப்பானிய வாள் கலையைக் கற்றுக்கொள்கிறேன். விடியற்காலை பஸ் பிடித்தால் வகுப்புக்குச் சரியாக இருக்கும். இன்னும் கவசம் போடும் கட்டத்துக்கு வரவில்லை. ஷினாய் என்கிற மூங்கில் வாள், வெறுங்கால், அவ்வளவுதான். எனக்கு இது ரொம்பவே பிடித்துவிட்டது. உடம்பு தாங்காமல் பாதியில் விட்டுவிடும்படி ஆகக் கூடாதே என்றுதான் இங்கே கேட்கிறேன்.

வகுப்பில் ஹயா சுபுரி வரும்போது, அதாவது முன்னும் பின்னும் துள்ளித் துள்ளி வெட்டும்போது, சீக்கிரமே மூச்சு வாங்கித் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடுகிறது. அடுத்த நாள் வலது முன்கையில், முழங்கையின் வெளிப்பக்கம் வரை வலி. மவுஸ் பிடிக்கவே கஷ்டம். அப்புறம் திங்கட்கிழமை காலை கட்டிலை விட்டு இறங்கினால் இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பு விறைத்துக்கொள்கிறது. முதல் சில அடிகள் நொண்டித்தான் நடக்கிறேன்.

ஊரில் ஒரு ஜிம்மில் விசாரித்தேன். "வாள் வீசக் கைதானே முக்கியம், பைசெப்ஸையும் முன்கையையும் ஏற்றிவிடலாம்" என்றார் அங்கிருந்த பயிற்சியாளர். வகுப்பில் சென்சேயோ (ஆசிரியர்) வலது கையைத் தளர்த்து, தளர்த்து என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். தளர்த்தினால் ஷினாய் ஆடுகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை எனக்கு நேரம் உண்டு. மொட்டை மாடி இருக்கிறது, சிமென்ட் தளம். வீட்டுக்குள் கிரானைட் தரை, தலைக்கு மேல் ஃபேன். இதற்குள் என்ன செய்யலாம்? பழகியவர்கள் சொல்லுங்கள்.

இலக்கியம்பட்டி சிலம்பன்:

அண்ணா, எனக்கு கெண்டோ தெரியாது, சிலம்பம்தான் பழகுகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு எங்கள் பக்கமும் பதில் இருக்கிறது.

எங்கள் ஆசான் புதிதாக வருகிறவர்களிடம் கம்பைக் கொடுத்துவிட்டுக் காலைத்தான் பார்ப்பார். தண்டால், பஸ்கி, கர்லா கட்டை, இவ்வளவுதான் எங்கள் உடற்பயிற்சி. கர்லா கட்டை சுற்றினால் தோள்பட்டை திறந்துகொள்ளும், காதுக்கு ஏறுகிற பிரச்சினை போய்விடும். ஜிம்முக்கெல்லாம் பணம் கட்ட வேண்டாம். தருமபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் நடுகற்களைப் பாருங்கள். வாள் பிடித்த வீரன் காலை அகட்டி, முழங்காலை மடக்கித்தான் நிற்பான். நம் முன்னோருக்கு பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

மூச்சுக்கு மலை ஏறுங்கள். நாங்கள் லீவு நாளில் வத்தல்மலை ரோட்டில் ஏறி இறங்குவோம். உங்களுக்கு கிருஷ்ணகிரி மலைக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறதே.

பாலக்கோடு பி.டி. டீச்சர்:

தம்பி, நான் பாலக்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் இருந்தபோது கெண்டோ தொடங்கினேன், இன்னும் விடவில்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் பள்ளி மைதானத்தில் தனியாகப் பழகுவேன். வாய்ப்புக் கிடைக்கும்போது பெங்களூரு போய் மற்றவர்களோடு மோதிவிட்டு வருவேன். நம் பக்கத்திலிருந்து இன்னொருவர் இதற்குள் வந்திருக்கிறார் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சென்சே சொல்வதைக் கேளுங்கள். பெரியவர்களுக்கான ஷினாய் அதிகபட்சம் 120 சென்டிமீட்டர் நீளம். எடை ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம், பெண்களுக்கு 440 கிராம். அரை கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைத் தூக்க யாருக்காவது பைசெப்ஸ் வேண்டுமா? ஷினாயின் எடை உங்களைக் களைக்க வைக்கவில்லை. அதை வலது கையால் இறுக்கிப் பிடித்து, வலது தோளால் தள்ளுவதுதான் களைக்க வைக்கிறது. அந்தக் கைக்கு இன்னும் சதை போட்டால் இன்னும் பலமாகத் தள்ளுவீர்கள். முழங்கை வலியும் கூடத்தான் செய்யும்.

வேலை செய்ய வேண்டியது இடது கை. கைப்பிடியின் கடைசியில் இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் பிடித்திருக்க வேண்டும். நிற்கும்போது இடது கை முஷ்டி தொப்புளுக்கு முன்னால் ஒரு முஷ்டி இடைவெளியில் இருக்கும். தூக்குவதும் இறக்குவதும் அந்தக் கை. வலது கை திசை காட்டினால் போதும். வலதைத் தளர்த்தினால் ஷினாய் ஆடுகிறது என்றால் இடது கைக்கு இன்னும் பிடி வரவில்லை என்று பொருள். அது பிடி சம்பந்தப்பட்ட விஷயம், டம்பெல் தேவையில்லை. வீட்டில் துணி துவைக்கும் நாளில் பிழிகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ஷீட், ஜீன்ஸ் எல்லாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சும்மா விட்டு, கீழ் மூன்று விரல்களால் பிழியுங்கள். முழங்கை வலி இருக்கும்வரை வலது கையால் முறுக்க வேண்டாம், அது துணியைப் பிடித்துக்கொண்டால் போதும், இடது கை முறுக்கட்டும். அப்புறம் மொட்டை மாடியில் இடது கையால் மட்டும் ஷினாயைத் தூக்கி மெதுவாக இறக்கிப் பழகுங்கள். பத்து தடவை ஒழுங்காகச் செய்தால் போதும். பதினொன்றாவது கோணலாகப் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இப்போது கால். நீங்கள் மூன்றாவதாகச் சொன்ன பிரச்சினையைத்தான் நான் முதலில் வைப்பேன். கெண்டோவில் இடது குதிகால் எப்போதும் தரையிலிருந்து லேசாகத் தூக்கியே இருக்கிறது. முன்னே பாய்வது முழுக்க இடது காலின் தள்ளுதல். வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் கிடந்த கெண்டைக்காலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் இழுத்து மணிக்கணக்கில் அந்த வேலை வாங்கினால் அது எப்படித் தாங்கும்? தினமும் கொஞ்சம் கொடுத்தால்தான் தாங்கும்.

பாதத்தின் திசையையும் பாருங்கள். வலது பாதம் முன்னால், இடது பாதத்தின் விரல்கள் வலது குதிகாலுக்கு நேராக, நடுவே பக்கவாட்டில் ஒரு கை முஷ்டி அகலம், இரண்டு பாதமும் நேரே முன்னோக்கி. புதிதாக வருகிறவர்களில் பலருக்கு இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய காலால் தள்ளினால் குதிகால் நரம்பும் முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். உங்கள் கிரானைட் தரையில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கோடு ஓடுமே, அந்தக் கோட்டை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து ஓகுரி அஷி செய்யுங்கள். முன்கால் வழுக்கிப் போக, பின்கால் உடனே வந்து சேர வேண்டும். ஷினாய் வேண்டாம், கை இடுப்பில். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, அப்படியே பின்னோக்கி. கிரானைட் வழவழப்பு இதற்கு நல்லது, ஈரம் மட்டும் இருக்கக் கூடாது. மொட்டை மாடிச் சிமென்டில் வெறுங்காலோடு இதைச் செய்தால் உள்ளங்கால் தோல் உரிந்துவிடும். அதனால் கால் பயிற்சி வீட்டுக்குள், ஷினாயைக் காற்றில் வீசிப் பழகும் சுபுரி மாடியில்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வகுப்பில் வலது காலைத் தரையில் ஓங்கி வைத்துப் பாயும் ஃபுமிகோமியை சிமென்டிலோ கிரானைட்டிலோ செய்யாதீர்கள். டோஜோவின், அதாவது பயிற்சிக்கூடத்தின், மரத்தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கல் கொடுக்காது, அடி முழுவதும் குதிகாலுக்கே திரும்பி வரும்.

தொடைக்கு பஸ்கி போதும், ஆனால் மெதுவாக. சிலம்பத் தம்பி சொன்னது சரி. முதுகுக்கு, பாதி நிரம்பிய பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, இடுப்பை வளைத்துக் குனிந்து, முழங்கையைப் பின்னுக்கு இழுத்து விலா வரை கொண்டுவாருங்கள். இடது கைக்கு முதலில், அதிகமாக. தோள் காதுக்கு ஏறுவதை இழுத்துப் பிடிப்பது இந்த முதுகுதான். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கம் சுருங்கியிருக்கும். இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, வலது பாதத்தை முன்னால் வைத்து, இடுப்பை முன்னே தள்ளி அரை நிமிடம் நில்லுங்கள். உங்கள் ஆபீஸ் வேலைக்கு இது தினமும் வேண்டும், கெண்டோ இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மூச்சு வாங்குவதற்குப் பாதிக் காரணம், வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வது. வகுப்பில் ஏன் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தச் சொல்கிறார்கள்? கத்தினால் மூச்சு தானாக வெளியே போகும். மாடியில் விடியற்காலை கத்த முடியாது, சரி, பல் இடுக்கில் "ஸ்ஸ்" என்று விடுங்கள். மீதிப் பாதிக்கு மாடிப்படி இருக்கிறது. ஒரு நிமிடம் வேகமாக ஏறி, நடந்து இறங்கி, திரும்ப. மலை ஏறுவதும் நல்லதுதான். ஆனால் 84 கிலோவோடு மலையிலிருந்து ஓடி இறங்கக் கூடாது. இறங்கும்போது நடக்க வேண்டும்.

சிலம்பத் தம்பிக்கு: கர்லா கட்டையை நானும் மதிக்கிறேன், எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். ஆனால் இவருடைய முழங்கை வலி தீரும்வரை பிடித்துச் சுற்றுகிற எதுவும் வேண்டாம். அப்புறம் சிலம்பத்தில் கால் மாறி மாறிச் சுழலும், கெண்டோவில் பெரும்பாலும் வலது கால் முன்னாலேயே நிற்கும். முதல் வருடத்தில் இரண்டையும் கலந்தால் கால் குழம்பிப்போகும்.

கனமான பயிற்சி வாள் விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள். தினம் ஐந்நூறு சுபுரி என்று வீடியோக்களில் காட்டுவதையும் பின்பற்ற வேண்டாம். முப்பது சுபுரி, போனில் வீடியோ எடுத்துப் பார்த்து, நேராக. செவ்வாயும் வியாழனும் கால், புதனும் வெள்ளியும் சுபுரியும் குடமும், சனிக்கிழமை நீட்டல் மட்டும். திங்கள் ஓய்வு. ஞாயிறு பஸ்ஸில் போகும்போது வயிறு நிறையச் சாப்பிடாமல் கேழ்வரகுக் கூழோ இரண்டு வாழைப்பழமோ போதும், தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும்.

ஜப்பானில் எட்டாம் "தான்" (dan) என்கிற உயர்ந்த தரத்துக்கான தேர்வு எழுதவே 46 வயது ஆகியிருக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியும் எழுதுகிறார்கள். அந்த வயது ஆசிரியர்கள் முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வியர்க்கும் முன் எனக்கு மூச்சு நின்றுவிடும். அவர்கள் தோள் அசையவே அசையாது, இடுப்பு மட்டும் வரும். உங்களுக்கு 33 வயதுதான் ஆகிறது. அவசரமே இல்லை தம்பி.

ஓசூர் பிசியோ:

டீச்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மருத்துவப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

காலை முதல் அடிகளில் விறைப்பு, நடக்க நடக்கக் குறைவது, இவை நீங்கள் நரம்பு என்று சொன்ன குதிகால் தசைநாண் சிரமப்படுகிறது என்பதற்கான ஆரம்ப அறிகுறி. வலி உள்ளங்காலின் அடியில் என்றால் அது வேறு பிரச்சினை. நீங்கள் சொல்வது குதிகாலுக்கு மேலே, அதனால் தசைநாண் என்று எடுத்துக்கொள்கிறேன். விரலால் கிள்ளிப் பாருங்கள். எலும்பில் ஒட்டும் இடத்தில் வலிக்கிறதா, அதற்கு இரண்டு மூன்று விரல் மேலே வலிக்கிறதா? இது முக்கியம்.

மேலே என்றால், ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் குழுவினர் 1998இல் வெளியிட்ட பயிற்சி இன்றும் எங்கள் துறையில் பயன்படுகிறது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தில் நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, இடது காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக 15 வீதம் மூன்று முறை, மடக்கி அதேபோல் மூன்று முறை, நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். அது வலி முற்றியவர்களுக்கான அளவு. நீங்கள் பாதியில் தொடங்குங்கள். எலும்பில் ஒட்டும் இடத்தில் வலி என்றால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையோடு நிறுத்த வேண்டும்.

செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். சதை சில வாரங்களில் பலம் பெறும், தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், உடம்பு தயார் என்று தோன்றும், நாண் தயாராக இருக்காது. கெண்டோவில் இடது குதிகால் நாண் அறுவது தெரிந்த காயம். பின்னால் யாரோ உதைத்ததுபோல "பட்" என்று சத்தம் கேட்டு, அந்தக் காலால் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அந்த நாணில் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அறும் அபாயம் கூடும்.

முழங்கைக்கு: மவுஸை கொஞ்ச நாளுக்கு இடது கைக்கு மாற்றுங்கள். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையால் தூக்கிவிட்டு வலது மணிக்கட்டால் மெதுவாக இறக்குங்கள். ஆபீஸிலேயே செய்யலாம்.

தளி ரோடு பெரியவர்:

கெண்டோ இல்லை, நான் இயாய்தோ, அதாவது வாளை உறையிலிருந்து உருவி வெட்டிப் பழகும் ஜப்பானியக் கலை. ஓசூரில் இருக்கிறேன், வயது 57. இதே கேள்வியோடு இயாய்தோவுக்கு வருகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு வார்த்தை.

எங்களுக்குக் குதிகாலைவிட முழங்கால்தான் சோதனை. ஜப்பானியக் கெண்டோ சம்மேளனத்தின் இயாய்தோ வடிவங்கள் 12. முதல் மூன்றும் சேய்சாவில் உட்கார்ந்து தொடங்குபவை, நாலாவது ஒரு முழங்கால் தூக்கிய நிலை, மற்றவை நின்று செய்பவை. சேய்சா நம் வஜ்ராசனம்தான். சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்து பழகினால் கணுக்கால் வளையும். ஆனால் உட்காருவது பாதிதான். கையை ஊன்றாமல், உடம்பு முன்னே சாயாமல், விரலை மடக்கி எழுந்திருக்க வேண்டும், அதுவும் வாளை உருவிக்கொண்டே. தொடையில் பலம் இல்லாதவர்கள் முழங்காலைத் தரையில் இடித்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் நாலாக மடித்த போர்வைமேல் செய்யுங்கள், ஹகாமா என்கிற அகலமான கால்சட்டைக்குள் முழங்கால் பட்டை போடுவதில் வெட்கமே வேண்டாம். ஏற்கெனவே முட்டி தேய்மானம் உள்ளவர்கள் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். என் ஆசிரியர் என்னை நின்று செய்யும் வடிவங்களிலிருந்து தொடங்கவைத்தார்.

காவேரிப்பட்டணத்தான்:

டீச்சர், பிசியோ சார், ஐயா, தம்பி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிள்ளிப் பார்த்தேன், வலி மேலேதான், எலும்பில் இல்லை. படி பயிற்சியை இன்றே தொடங்குகிறேன். ஜிம்முக்குப் போகவில்லை.

இரண்டு சந்தேகம். மழைக்காலத்தில் மாடியில் சுபுரி செய்ய முடியாது, வீட்டுக்குள் ஃபேன் இடிக்கும். என்ன வழி? குதிகால் சரியாகும்வரை ஞாயிறு வகுப்பை நிறுத்த வேண்டுமா?

பாலக்கோடு பி.டி. டீச்சர்:

வகுப்பை நிறுத்தாதீர்கள். ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பே சென்சேயிடம் குதிகாலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஹயா சுபுரி வரும்போது துள்ளாமல், சாதாரண ஓகுரி அஷியில் மெதுவாக வெட்ட அனுமதி கேளுங்கள். எந்த நல்ல ஆசிரியரும் மறுக்க மாட்டார். ஃபுமிகோமியும் அதுவரை வேண்டாம்.

ஃபேனுக்கு இரண்டு வழி. முழங்காலிட்டு நிமிர்ந்து நின்று சுபுரி செய்யலாம். இடுப்பு அசைய முடியாததால் தோளும் இடது கையும் என்ன செய்கின்றன என்று நன்றாகத் தெரியும். கீழே ஒரு பாய் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் நுனி ஃபேனைத் தொடும் என்று தோன்றினால் இரண்டடி நீள மூங்கில் துண்டு ஒன்று போதும், சிலம்பத் தம்பியிடம் உடைந்த கம்பு இருக்கும். கைப்பிடியின் பருமன் ஷினாய்க்குச் சமமாக வரும்படி துணி சுற்றி, சிம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் எழும் முன் முடித்துவிடுங்கள்.

படி பயிற்சி தொடங்கியபின் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நாலு திங்கள் தொடர்ந்து விறைப்பு இல்லாமல் இறங்க முடிந்தால் எழுதுங்கள், கயிறு தாண்டுவதை எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன்.